ஷ்டைன் என்று முடியும் உன் பெயர்

செழியா,

போன வியாழக்கிழமை கூரியர் வந்தது. வண்டியை வாசலில் நிறுத்திய ஆள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏதோ ஸ்டீன்னு போட்டுருக்கு சார், யாரு இது? உங்க வூட்டுக்குத்தானா?" என்று கேட்டார். பெறுபவர் இடத்தில் உன் அம்மா பெயர் இருந்தது. அனுப்புபவர் இடத்தில் உன் பெயரும், அதற்குப் பின்னால், இத்தனை நாள் என் பெயர் இருந்த இடத்தில், ஷ்டைன் என்றும் இருந்தது. என் பையன்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வூட்டம்மாவுக்கு வந்திருக்கு என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பொண்டாட்டியின் குடும்பப் பெயரைப் புருசன் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நாட்டில் சட்டம் இருப்பதாக முன்பு ஒருநாள் நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். நீ எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை.

நீ என்னோடு பேசி மூன்று வருசம் ஆகிறது. என் போன் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் பெட்டி மேல் இருந்த முகவரியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இதை நம் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போடப்போகிறேன். நான் செய்த அசிங்கம் அந்தக் குரூப்பில்தான் நடந்தது. அங்கே இருப்பவர்களும் படிக்கட்டும். படித்துவிட்டு என்னைப் பைத்தியக்காரன் என்று சொன்னால் சொல்லட்டும், எனக்கு இனி என்ன வந்தது?

முதலில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்கிறேன். உனக்குத் தெரியும் என்று நினைப்பாய். உனக்குத் தெரிந்தது ரெட்டிபாளையம் பக்கத்தில் சிமெண்ட் ஆலையில் டைம் ஆபீஸ் கிளார்க் என்பது மட்டும்தான். சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்துக்கு வரும் ஒப்பந்தக் கூலியாட்களின் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. காலையில் ஷிப்டு தொடங்கும்போது பெயர் படிப்பேன். புது ஆள் யாராவது வந்தால் பெயர், அப்பா பெயர், ஊர், தெரு என்று நாலு கேள்வி கேட்பேன். நாலாவதுக்குப் போவதற்குள் ஆள் எந்தச் சாதி என்று எனக்குத் தெரிந்துவிடும். பல சமயம் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஆபீசில் இது ஒரு வேடிக்கை. மேனேஜர்கூட, "அண்ணாச்சிகிட்ட ஒரு பேரச் சொல்லுங்க, பூர்வீகத்தையே எடுத்துக் கையில குடுத்துருவாரு" என்பார். எனக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வேறு எதில் நான் கெட்டிக்காரன், சொல்லு? பி.யூ.சி.யில் கணக்கில் பெயிலானவன். ஆனால் பெயரைக் கேட்டு ஆளைப் பிரித்துப் போடுவதில் அரியலூர் ஜில்லாவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டு முப்பத்திரண்டு வருசம் ஓட்டினேன்.

நீ பெரம்பலூரில் இன்ஜினியரிங் முடித்து, மேல்படிப்புக்கு ஜெர்மனி போவதற்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். என் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் போனில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "இங்க யாரும் என்னைச் செழியன்னு கூப்புடறதில்லப்பா. உங்க பேரச் சொல்லித்தான் கூப்புடுறாங்க. நீங்க பின்னாடி வந்து நிக்கிற மாதிரியே இருக்கு." நான் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காய்கறிக் கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். என் பெயரை ஜெர்மனியில் தினமும் பத்துப் பேர் கூப்பிடுகிறார்கள் என்றால் சும்மாவா?

அப்புறம் லேனா. உன்கூட வேலை பார்க்கிற பெண், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறோம் என்று நீ சொன்னபோது உன் அம்மா முதலில் கேட்டது, "சாப்பாடெல்லாம் ஒத்துக்குமாடா அந்தப் புள்ளைக்கு?" என்று. நான் கேட்டது முழுப் பெயர். லேனா ஷ்டைன் என்றாய். நான் ஸ்டீன் என்றேன். நீ திருத்தினாய். அதற்கு என்ன அர்த்தம் என்றேன். கல் என்றாய். கல்லா! எனக்குத் தாங்கவில்லை. சுண்ணாம்புக்கல்லில் சோறு தின்ற குடும்பத்துக்குக் கல் என்றே பெயருள்ள மருமகள் வருகிறாள் என்று சொல்லிச் சிரித்தேன். முதல் தடவை வீடியோவில் பார்த்தபோது அந்தப் பெண் "வணக்கம் மாமா" என்றது. சுரங்கத்தில் கிடைத்த சுருள் சங்கு ஒன்று, கல்லாகிப் போனது, அலமாரியில் இருந்ததே, அதை நீ ஊருக்கு வந்தபோது அவளுக்காகக் கொடுத்து அனுப்பினேன். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அங்கேயே நின்றிருந்தால் நான் ஒரு நல்ல மாமனாராகச் செத்திருப்பேன்.

நிற்க முடியவில்லை. அர்த்தம் தெரிந்துவிட்டது, ஆள் யார் என்று தெரியவில்லையே. தூக்கத்தில்கூட அரித்தது. போனில் தேட ஆரம்பித்தேன். அந்தப் பெயர் ஜெர்மன்காரர்களுக்கும் உண்டு, யூதர்களுக்கும் உண்டு என்று போட்டிருந்தது. பாறைக்குப் பக்கத்தில் குடியிருந்தவன், எல்லைக்கல் அருகே நிலம் வைத்திருந்தவன், கல் வேலை செய்தவன், அந்தப் பெயருள்ள ஊரிலிருந்து வந்தவன் என்று பல வழியில் அந்தப் பெயர் வந்திருக்கிறதாம். யூதக் குடும்பங்களில் சிலர் அதை அழகான பெயர் என்று வைத்துக்கொண்டார்களாம், சிலருக்கு நீளமான வேறொரு பெயர் தேய்ந்து அப்படி ஆனதாம். எத்தனை பக்கம் படித்தாலும் இதே கதைதான். பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று ஒரு இடத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. முப்பத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாக ஒரு பெயர் எனக்குப் பிடிபடாமல் வழுக்கியது. அந்தக் கோபத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? உன் கல்யாணத்தை நான் கெடுத்தது வெறுப்பால் இல்லை. எனக்கு யூதர்களையும் தெரியாது, ஜெர்மன்காரர்களையும் தெரியாது. ஒரு பெயர் வந்து நிற்கிறது, அதைப் போடுவதற்கு என்னிடம் பெட்டி இல்லை. அதுதான் என்னைத் தின்றது.

உன் மாமா வேறு. ஆண்டிமடத்திலிருந்து முந்திரிப்பருப்போடு வந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே ரிஜிஸ்டர் கல்யாணம், இங்கே பெரம்பலூர் மண்டபத்தில் வரவேற்பு என்று முடிவாகி, பத்திரிகை அச்சுக்குப் போகவிருந்த நேரம். பெண் வீட்டார் யாரென்று ஒரு வரி போட வேண்டாமா என்று கேட்டார். நான் படித்ததைச் சொன்னேன். அவர் கேட்டது இது:

"அது சரி மச்சான். யூதருங்கன்னா நம்ம ஊர்ல யாரு மாதிரி?"

செழியா, இதைக் கேட்டு நான் அவரை அடிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். நம் ஊரில் யார் மாதிரி என்று நிஜமாகவே மனசுக்குள் ஒவ்வொரு தெருவாகப் போய் ஒப்பிட்டுப் பார்த்தேன். வியாபாரம் செய்தவர்கள் என்று படித்தேன், அப்படியானால் இந்தத் தெருவா? ஊருக்குள் சேர்க்காமல் தனியாக வைத்திருந்தார்கள் என்று படித்தேன், அப்படியானால் அந்தத் தெருவா? அறுபது லட்சம் பேரைக் கொன்று புதைத்த ஒரு கொடுமையைப் பற்றிப் படித்துக்கொண்டே நான் அந்த மனிதர்களை அரியலூரில் எந்தத் தெருவில் குடிவைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு ஜென்மம் இருக்குமா?

தெரியாமல் பத்திரிகை அடிக்காதீங்க என்று சொல்லிவிட்டு மாமா பஸ் ஏறினார். மறுநாள் நான் லேனாவின் அப்பாவுக்குத் தனியாக எழுதினேன். வரவேற்பு ஏற்பாட்டுக்காக அவர் நம்பரை நீதான் கொடுத்திருந்தாய். எனக்குத் தெரிந்த ஆபீஸ் இங்கிலீஷில், மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, எங்கள் பக்கம் தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழ் தருவார்கள், அது போல உங்கள் குடும்பம் ஜெர்மானியரா யூதரா என்று காட்டும் ஆதாரம் ஏதும் இருந்தால் உறவினர்களின் தகவலுக்காக உடன் அனுப்பி உதவவும் என்று எழுதினேன். கீழே நன்றி என்றும் போட்டேன். ஒரு சம்பந்தியிடம் கேட்கக்கூடாததைக் கேட்கிறோம் என்று ஒரு நொடி உறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர, வேலைக்குப் போக என்று நாமெல்லாம் வாங்கி வைத்திருக்கும் காகிதம்தானே, அவர்களிடமும் ஒன்று இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நாலு நாள் பதில் இல்லை. பிறகு நீளமாக ஒன்று வந்தது. அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அவருடைய அப்பா இருந்த தெருவில் ஷ்டைன் என்று இரண்டு வீடுகள் இருந்தனவாம். ஒன்று இவர்களுடையது. இன்னொன்று துணிக்கடை வைத்திருந்த ஒருவருடையது, மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். தபால்காரர் அடிக்கடி கடிதங்களை மாற்றிப் போட்டுவிடுவார், இரண்டு வீட்டாரும் வேலிக்கு மேலே கை நீட்டிக் கடிதங்களை மாற்றிக்கொள்வார்கள். அந்தக் கெட்ட காலம் வந்தபோது எல்லோரும் தங்கள் பாட்டன் பூட்டன் யார் என்று காகிதம் காட்ட வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. இவருடைய அப்பா தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் பாட்டன்களின் ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்து முத்திரை வாங்கி வந்தார். யூதர்களான பக்கத்து வீட்டாரால் அப்படிக் கொண்டுவர முடியவில்லை. அவர்கள் பெயரோடு இன்னொரு பெயரை அரசாங்கமே சேர்த்து அடையாளம் வைத்தது. அதற்குப் பிறகு தபால்காரருக்குக் கடிதம் மாறவில்லை. ஒருநாள் அந்த வீட்டில் ஆளே இல்லை. இவருடைய அப்பா கடைசிவரை அதே தெருவில்தான் வாழ்ந்தார், அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. செத்த பிறகு அவருடைய அலமாரியின் அடித்தட்டில் அந்தக் காகிதம் கிடைத்ததாம். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "நீங்கள் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான் என்று நினைக்கிறேன். இதைப் பார்த்தால் உங்கள் உறவினர்கள் திருப்தி அடைவார்கள். அன்றைக்கும் எல்லோரும் திருப்தி அடைந்தார்கள்."

அன்றைக்கு அந்தப் படத்தில் முத்திரைகளைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பாடா. அந்த இரண்டு பெண் பிள்ளைகளை நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. தெரிந்துவிட்டது, இவர்கள் ஜெர்மன்காரர்கள்தான், பெட்டியில் போட்டாகிவிட்டது, அப்பாடா. உடனே அந்தப் படத்தை உன் மாமாவுக்கு அனுப்பினேன். அவர் அதை நம் குரூப்பில் போட்டு, சந்தேகம் தீர்ந்தது, சம்பந்தி வீடு சுத்தமான ஜெர்மன்காரங்க, முத்திரை போட்ட ஆதாரம் இருக்கு என்று எழுதினார். எத்தனை கட்டை விரல், எத்தனை கும்பிடு! நானும் ஒரு கும்பிடு போட்டேன். நீயும் அந்தக் குரூப்பில் இருக்கிறாய் என்பது எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்திருந்தாலும் போட்டிருப்பேன் என்பதுதான் உண்மை. நல்ல சேதி என்றுதானே நினைத்தேன்.

நீ குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டாய் என்று ஒரு வரி வந்தது. அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாய். சத்தம் போடுவாய் என்று நினைத்தேன். நீ மெதுவாகத்தான் பேசினாய்.

"அந்தப் பேப்பர லேனாவோட அப்பா இத்தன வருசத்துல வெளியாளு யார்ட்டயும் காட்டுனதில்லப்பா. ஒங்களுக்குத்தான் காட்டுனாரு. பாத்தா வெக்கப்படுவீங்கன்னு நெனச்சு."

"எனக்கு என்னடா தெரியும்? நல்ல சேதிதானேன்னு..."

"அதான்பா" என்றாய். வைத்துவிட்டாய்.

அந்த ஒரு சொல்லோடு மூன்று வருசம் குடித்தனம் நடத்துகிறேன். வரவேற்பு நின்றது. நீங்கள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டதை உன் அம்மாவின் போனில் பார்த்தேன். பெரம்பலூர் அச்சகத்தில் பத்திரிகையின் மாதிரி ரொம்ப நாள் கிடந்தது. பெண் வீட்டார் வரி காலியாகவே இருந்தது.

நீ பேசாமல் போன பிறகு வேறு வேலை இல்லாமல் அந்தப் பெயரைப் பற்றி இன்னும் படித்தேன். காலம் கடந்துதான் படித்தேன். யூதர்களுக்கு முன்பெல்லாம் குடும்பப் பெயரே கிடையாதாம் செழியா. நம்மைப் போலத்தான். இன்னாரின் மகன் இன்னார். அப்பா பெயர் ஒரு தலைமுறை நிற்கும், அடுத்த தலைமுறையில் போய்விடும். ஏறக்குறைய இருநூறு வருசத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து அரசாங்கங்கள் ஒவ்வொன்றாக உத்தரவு போட்டன, எல்லோரும் நிலையான ஒரு பெயர் வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று. சிலர் தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். சில இடங்களில் பதிவு செய்கிற கிளார்க் என்ன எழுதினானோ அதுதான் பெயர். பிற்காலத்தில் அந்தப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டுதான் யார் யார் என்று பொறுக்கினார்கள். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண்ணை மூட வேண்டியிருந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் கேட்டு எழுதுகிற ஒரு ஆள் எனக்குத் தெரிந்தான். அவன் மூக்குக்கண்ணாடிகூட எனக்குத் தெரிந்தது.

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. என் பதிவேட்டில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. காலனித் தெருவிலிருந்து வந்தவர்களுக்குப் புள்ளி. மேஸ்திரிகள் அதைப் பார்த்துத்தான் யாரைக் கேண்டீனுக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பலாம், யாரை அனுப்பக்கூடாது என்று பிரிப்பார்கள். பாறையில் துளை போடும் வேலைக்கு ஒருவர் வந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அமாவாசை. அதை மாற்றி அன்பரசன் என்று கெஜட்டில் போட்டு, அந்தத் தாளை நாலாக மடித்துக் கொண்டுவந்து காட்டினார். பதிவேட்டில் மாற்றினேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் பழைய பெயரையும் எழுதி, காலையில் பழைய பெயரைத்தான் படித்தேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவர் கேட்டார், "ஒரே ஒரு தடவ புதுப் பேரச் சொல்லிக் கூப்புடுங்க சார்" என்று. கூப்பிட்டால் நீ யாருன்னு மற்றவனுக்குத் தெரிய வேண்டாமா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் ஓய்வு பெறும்வரை அவர் அமாவாசைதான்.

போன வருசம் அவரை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். திருமானூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது. சரி, இதையாவது செய்வோம் என்று பின்னாலிருந்து அன்பரசன் என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், அவர் பார்க்கவில்லை. என் குரலில் அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லையே, அது தன்னைத்தான் என்று எப்படித் தோன்றும்? பஸ் கிளம்பப் போகிறது. எனக்குப் பதற்றம். வாய் தானாகப் பழைய பெயரைச் சொல்லிவிட்டது. உடனே திரும்பினார். "சொல்லுங்க சார்" என்று மரியாதையாகத்தான் கேட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு வந்தேன். இனிமேல் எதையும் நேராக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நான் பெயர் வைத்த இடத்திலேயே அவர் நிற்கிறார், நானும் அங்கேயேதான் நிற்கிறேன்.

கூரியர் வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. என் பெயரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டானே என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் பெட்டியிலிருந்த கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒங்க பேருக்கு முன்னாடி நின்ன எங்க மாமனாரு பேரு இப்ப எங்க இருக்கு? அதுக்கு யாரு அழுதா?" என்றாள். நியாயம்தான். என் அப்பாவின் பெயர் என்னோடு ஒரு எழுத்தாக நின்றது, உன்னிடம் வரும்போது அந்த எழுத்தும் போய்விட்டது. நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பெயர் போனதற்கு நான் அழவில்லை செழியா. நீ அதைக் கழற்றி வைத்ததற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும், அதற்குத்தான் அழுகிறேன். என் பெயர் இருந்தால் நம் ஊர்க்காரன் எவனாவது அங்கே வந்து, உங்க அப்பா பேரு என்ன, எந்த ஊரு, எந்தத் தெரு என்று என்னைப் போலவே பிடித்துவிடுவான். ஷ்டைன் என்றால் எவனாலும் பிடிக்க முடியாது. என்னிடமிருந்து தப்பிக்க நீ கண்டுபிடித்த இடம் அது. நல்ல இடம்தான்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் பெற்றவன் என்ற ஒரு பாத்தியதையில் சொல்கிறேன், கேட்டால் கேள், கேட்காவிட்டால் விடு. உனக்குப் பிறந்திருக்கும் குழந்தை வளர்ந்து, நாம் என்ன ஆட்கள் என்று ஒருநாள் கேட்கும். தெரியாது என்று சொல்லிவிடு. நீ பொய் சொல்லாதவன், எனக்குத் தெரியும். இந்த ஒன்றில் மட்டும் பொய் சொல். என் அப்பா என்னிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேனோ என்னவோ. இன்னொன்று, அந்தப் பெயர் உன்னை முழுசாகக் காப்பாற்றும் என்று நம்பிவிடாதே. கறுத்த முகத்தோடு ஷ்டைன் என்று சொன்னால் நிஜத்தில் நீ யார் என்று கேட்க அங்கேயும் ஒருவன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். அவனிடம் எந்தக் காகிதத்தையும் காட்டாதே. சம்பந்தியைப் பார்த்தால் ஒன்று சொல். அந்த இரண்டு பெண் பிள்ளைகளின் பெயர்களை அவர் எழுதவில்லை. தெரிந்திருந்தால் நான் கேட்டதாகக் கேள். என்ன ஆட்கள் என்று தெரிந்துகொள்வதற்காக இல்லை. அவர்களை நான் நினைக்காமல் தாண்டிப் போனேன், அதற்காக.

கடைசியாக ஒன்று. நீ மத்தியானம் உன் அம்மாவைக் கூப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். அவள் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நீ சாத்தச் சொன்னாயா, அவளாகச் சாத்துகிறாளா, நான் கேட்டதில்லை. குழந்தை அழுவது கதவு வழியே கேட்கும். சிரிப்பதும் கேட்கும். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் உன் அம்மா முகமெல்லாம் ஈரமாக வெளியே வந்து, "பேரு வச்சிட்டாங்க. சொல்லட்டா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும். ஒரு தாத்தாவுக்குப் பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்டதும் முதலில் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு முதலில் எது வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர் எங்கே இருந்து வந்தது, யார் வைக்கிற பெயர், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று புத்தி போய்விட்டுத்தான் திரும்பி வரும். இத்தனைக்குப் பிறகும் போகும். நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், டாக்டர் பெயர், பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர் பெயர், எதைக் கேட்டாலும் போகிறது. எழுபது வயசாகிறது, இனி நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் குழந்தையின் பெயர் மேலாவது அது போய் விழ வேண்டாம். அதனால் மத்தியானம் போன் அடித்ததும், உள்ளே உன் அம்மா பெயர் சொல்லிக் கொஞ்சுவது காதில் விழுந்துவிடக்கூடாது என்று, நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன்.

அப்பா